தலைக்குள் ஓர் இதழ்: மெக்ஸ்வீனிஸ் பின்கட்டில் ஒரு சுற்று

முதலில் இந்தத் தலையைப் பாருங்கள்! அட்டைப் பெட்டிதான். ஆனால் சுற்றிலும் ஒரு மனிதனின் முகமும் காதுகளும் பின்மண்டையும் வரைந்திருக்கிறார்கள். முகமெல்லாம் வேர்வை முத்துமுத்தாக நிற்கிறது. கொள்ளளவு 275 கன அங்குலம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். உச்சந்தலையைத் தூக்கினால் மூடி கழன்று வருகிறது, உள்ளே மூளை இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள். இது பொம்மை இல்லை, பரிசுப்பெட்டியும் இல்லை. ஒரு சிறுகதை இதழின் 36ஆவது இதழ்! 2010இன் கடைசியில், சந்தா கட்டிவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தவர்களின் வீட்டுக்கு இப்படியொரு தலை போய்ச் சேர்ந்தது.

அந்தத் தலைக்குள் ஒரு நாவலின் சடலமும் கிடந்தது. மைக்கேல் சேபன் தன் முதல் நாவலுக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கும் மேலாக ‘ஃபவுண்டன் சிட்டி’ என்று ஒன்றை எழுதி, எழுதி, கடைசியில் மூச்சுத் திணறிக் கைவிட்டார். அதன் முதல் நான்கு அத்தியாயங்களை இங்கே அச்சிட்டு, எந்த இடத்தில் எப்படிக் கெட்டுப்போனது என்று அவரே ஓரத்தில் குறிப்புப் போட்டுக்கொண்டே போகிறார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தோற்றுப்போன நாவலைத் தானே அறுத்துக் காட்டுகிறார், அதுவும் வேர்த்து வழியும் தலைக்குள்! வேறெந்தப் பத்திரிகை இதற்கு இடம் கொடுக்கும்?

இதழின் முழுப்பெயர் ‘திமோத்தி மெக்ஸ்வீனிஸ் குவாட்டர்லி கன்சர்ன்’. எல்லாரும் மெக்ஸ்வீனிஸ் என்றே சொல்கிறார்கள். பெயர்க்கதையையும் சொல்லிவிடுகிறேன். இதைத் தொடங்கிய டேவ் எக்கர்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது, திமோத்தி மெக்ஸ்வீனி என்று கையெழுத்திட்ட கடிதங்கள் அவர் வீட்டுக்கு வரும். அம்மாவின் பிறந்தகத்துப் பெயர் மெக்ஸ்வீனி. நானும் உங்கள் சொந்தக்காரன், வந்து பார்க்கப்போகிறேன் என்கிற மாதிரியான கடிதங்கள். யார் அவர், வருவாரா, வந்தால் எப்படியிருப்பார் என்று பிள்ளையின் மனதில் ஒட்டிக்கொண்ட அந்தப் புதிர் வருஷங்கள் கழித்து ஒரு பத்திரிகையின் பெயர்ப்பலகையில் ஏறியது. அப்படியொருவர் நிஜமாகவே இருந்தார் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

1998க்குப் போவோம், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு. எக்கர்ஸுக்கு வயது 28. அதற்கு முன்னால் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களோடு ‘மைட்’ என்று ஒரு பத்திரிகை நடத்தி, 1997இல் அது நின்றுபோயிருந்தது. அப்புறம் ‘எஸ்குவையர்’ என்கிற பெரிய, பளபளப்பான பத்திரிகையில் வேலை. பெரிய பத்திரிகையில் எது ஏறும், எது ஏறாது என்று உள்ளேயிருந்தே பார்த்தாயிற்று. அதனால் புதிய இதழுக்கு அவர் வைத்த முதல் விதியைக் கேளுங்கள்: வேறு பத்திரிகைகள் திருப்பி அனுப்பியவை மட்டும்தான் இதில் வரும்! எழுத்தாளர்களின் மேசை இழுப்பறைகளில் நீளம் போதவில்லை, வடிவம் சரியில்லை, விஷயம் விசித்திரம் என்று திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்த கதைகளுக்கெல்லாம் வாசல் திறந்தது. விதி ரொம்ப நாள் நிற்கவில்லை. இந்த இதழுக்கென்றே எழுதித் தருகிறேன் என்று ஆட்கள் வரத் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த முதல் வாசனை இன்றைக்கும் போகவில்லை என்பது என் எண்ணம்.

முதல் இதழ் 2,500 பிரதி. அட்டையில் படம் கிடையாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, மேலிருந்து கீழ்வரை எழுத்து, கோடு கட்டி, கட்டம் கட்டி, அதற்குள்ளும் பொடி எழுத்து. இருநூறு வருஷத்துக்கு முந்தைய துண்டுப்பிரசுரம் ஒன்று காலம் தப்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். ஏன் அப்படி? ஓவியருக்கும் புகைப்படக்காரருக்கும் கொடுக்கப் பணமில்லை, எழுத்தைக் கோப்பதற்குச் செலவில்லை! எக்கர்ஸ் தன் கணினியில் உட்கார்ந்து, காரமண்ட் என்கிற ஒரே எழுத்துருவை வைத்துக்கொண்டு மொத்த இதழையும் தானே வடிவமைத்தார். கையில் இருந்தது அது ஒன்றுதான், அதிலேயே எத்தனை விளையாட்டு முடியுமோ அத்தனையும் ஆடிப்பார்த்தார். பதிப்புரிமைப் பக்கத்தைக்கூட விடவில்லை. யாரும் படிக்காத அந்த மூலையில், பூதக்கண்ணாடி கேட்கும் பொடி எழுத்தில், இதழ் உருவான கதையை ஆசிரியர் நம்மிடம் தனியாகப் பேசிக்கொண்டே போவார். எனக்கு அந்தப் பக்கத்தின்மேல் தீராத பிரியம். எந்த இதழ் கைக்கு வந்தாலும் அங்கேதான் முதலில் போவேன்.

அச்சடித்தது எங்கே தெரியுமா? ஐஸ்லாந்தில்! ரெய்க்யவிக் நகரத்து ‘ஒட்டி’ என்ற அச்சகத்தில். புரூக்ளினில் ஒரு வீட்டில் கோத்த பக்கங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், புத்தகமாகித் திரும்பி வந்தன. ஐஸ்லாந்து புத்தகப் பித்து பிடித்த நாடு. கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கொருவர் புத்தகம் கொடுப்பது அங்கே ஊர்வழக்கம், வருஷக் கடைசியில் புதுப் புத்தகங்கள் வெள்ளம்போல் வரும். தையல், பைண்டிங், மேலுறை எல்லாவற்றிலும் கைதேர்ந்த அச்சுக்காரர்கள் இருக்கும் ஊர். எக்கர்ஸே அங்கே போய் அச்சு ஓடுவதைப் பார்த்தார். என்னைக் கேட்டால் இந்த இதழின் போக்கை மாற்றிய இடம் அதுதான். ஆசிரியர் அச்சுக்கூடத்துக்குள் நின்றதும், இந்தத் தாளை இப்படி மடிக்க முடியுமா, இந்த அட்டையில் ஓட்டை போட முடியுமா என்கிற கேள்விகள் பிறக்கின்றன. எதிரே நிற்கும் அச்சுக்காரர் முடியும் என்று சொல்லிவிட்டால் அடுத்த இதழ் பிறந்துவிடுகிறது! பின்னாளில் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் அச்சடித்தார்கள். ஆனாலும் 2005இல் வந்த 15ஆம் இதழில் பாதியை ஐஸ்லாந்து எழுத்தாளர்களுக்கே கொடுத்தார்கள். அச்சுக்கூடத்து உறவு கதைக்குள்ளும் வந்துவிட்டது.

3ஆம் இதழை அலமாரியில் நிறுத்திப் பாருங்கள். புத்தகத்தின் முதுகில் என்ன இருக்கும்? பெயர், எண். இங்கே முதுகில் ஒரு முழுக் கதை இருக்கிறது. டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் குறுங்கதை! உள்ளே ஒரு பக்கமும் புரட்டாமல், தலையைச் சாய்த்து நின்றபடி படித்து முடிக்கலாம்.

4ஆம் இதழ் (2000) ஒரு பெட்டி. திறந்தால் 14 தனித்தனிச் சிறுநூல்கள். முரகாமி, ஜார்ஜ் சாண்டர்ஸ், லிடியா டேவிஸ் என ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு அட்டை. இதில் பின்கட்டுச் சேதி ஒன்று உண்டு. தன் கதைக்கு என்ன அட்டை என்பதில் எழுதியவருக்கே உரிமை கொடுத்திருந்தார்கள். பதிப்புலகில் அட்டையைத் தீர்மானிப்பது விற்பனைப் பிரிவு. எழுத்தாளருக்குக் கடைசியில் காட்டுவார்கள், அவர் தலையாட்டுவார். அந்த முறையை ஒரு சின்ன இதழ் ஒரு பெட்டியால் கவிழ்த்துப் போட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது: எந்தக் கதை முதலில், எது கடைசியில் என்கிற வரிசை காணாமல் போனது. கையை விட்டு எடுத்தது எதுவோ அதுவே முதல் கதை.

பெட்டிக்குள் பத்திரிகை என்பது இவர்கள் கண்டுபிடித்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1965இல் ஃபில்லிஸ் ஜான்சன் தொடங்கிய ‘ஆஸ்பென்’ பெட்டியில்தான் வந்தது. அதன் 5, 6 எண்ணிட்ட 1967ஆம் வருஷத்து வெள்ளைப் பெட்டியில் இசைத்தட்டும் சினிமாச் சுருளும் இருந்தன. ஆசிரியனின் மரணத்தை அறிவித்த ரொலான் பார்த்தின் கட்டுரை முதன்முதலில் வெளிவந்ததும் அந்தப் பெட்டிக்குள்தான்! இதெல்லாம் பத்திரிகையே இல்லை என்று அமெரிக்க அஞ்சல்துறை சலுகைக் கட்டணத்தை மறுத்தது, 1971இல் ஆஸ்பென் நின்றது. மெக்ஸ்வீனிஸ் வந்தது அந்தப் பரம்பரையில்தான். ஆஸ்பென் ஓவியர்கள் பக்கம் சாய்ந்தது. இவர்கள் கதையை விடவில்லை, எந்தப் பெட்டியைத் திறந்தாலும் நடுவில் ஒரு கதை இருக்கும்.

2001இல் 6ஆம் இதழோடு ஒரு குறுந்தகடு வந்தது. ‘தே மைட் பி ஜயன்ட்ஸ்’ குழு பெரும்பகுதி இசையமைத்தது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு துண்டு இசை, கதையைப் படிக்கும்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். 7ஆம் இதழில் சிறுநூல்களைக் கெட்டி அட்டைக்குள் வைத்துப் பெரிய ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான் பைண்டிங்! 2004இல் வந்த 13ஆம் இதழை ஓவியர் கிறிஸ் வேர் தொகுத்தார், முழுக்கப் படக்கதை. அதன் மேலுறையை மெல்லக் கழற்றுங்கள். பிரித்துக்கொண்டே போனால் அதுவே ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் படக்கதைப் பக்கமாக விரிகிறது. மடிப்புக்குள் செருகிய இரண்டு குட்டிப் படக்கதைப் புத்தகங்கள் கீழே விழும். மேலுறையைக் கழற்றாமலே அலமாரியில் வைத்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ!

இதற்கிடையே ஒரு தச்சர் உள்ளே வருகிறார். 2002இல் எக்கர்ஸும் ஆசிரியை நினிவே கலேகாரியும் சான் பிரான்சிஸ்கோவின் வலென்சியா தெருவில், 826ஆம் எண் கட்டடத்தில், பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். நகராட்சி விதிப்படி அந்த இடம் கடைக்கானது, ஏதாவது விற்றே ஆக வேண்டும். சரி, கடற்கொள்ளையருக்குத் தேவையான சாமான்களை விற்போம் என்று முன்கட்டில் கடை போட்டார்கள். ஒற்றைக்கண் பட்டையும் கண்ணாடிக் கண்ணும் வாங்க வந்த பிள்ளை, அப்படியே பின்னால் போய் உட்கார்ந்து கதை எழுதும். அங்கே மரவேலை செய்ய வந்தவர்களில் ஒருவர் எலி ஹோரோவிட்ஸ். சுத்தியலோடு வந்தவரை இதழின் நிர்வாக ஆசிரியராக ஆக்கிவிட்டார்கள்! 2000களில் வந்த பெட்டிகளையும் மடிப்புகளையும் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தைப் பலகையாகப் பார்க்கத் தெரிந்த ஒரு தச்சரின் கண் எனக்குத் தெரிகிறது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த 2005ஆம் வருஷம். 16ஆம் இதழ் துணி ஒட்டிய அட்டை, ஒவ்வொரு மடிப்பாக விரிகிறது. ஒரு மடிப்பில் கதைத் தொகுப்பு, ஒரு மடிப்பில் ஆன் பீட்டியின் குறுநாவல், இன்னொன்றில் ஒரு சீப்பு. நிஜச் சீப்பு, தலை வாரலாம்! சீப்பு எதற்கு என்று கேட்டால் எதற்கும் இல்லை. அது வெறும் குதூகலம், நான் அதற்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் நான்காவது மடிப்பில் இருப்பது வேறு சங்கதி. ராபர்ட் கூவரின் ‘ஹார்ட் சூட்’, சீட்டுக்கட்டில் எழுதப்பட்ட கதை. ஆட்டின் ராஜாவின் பலகாரத்தைத் திருடியது யார் என்பது விஷயம். 15 பெரிய சீட்டுகள். தலைப்புச் சீட்டு முதலில், ஜோக்கர் கடைசியில். நடுவில் ஆட்டின் சீட்டுகள் 13. அவற்றைக் குலுக்கி எந்த வரிசையிலும் படிக்கலாம்.

எப்படி முடியும்? ஒவ்வொரு சீட்டும் பாதி வாக்கியத்தில் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் முடிகிறது. எந்தச் சீட்டின் வாலை எந்தச் சீட்டின் தலையோடு சேர்த்தாலும் இலக்கணம் பிசகாமல் ஒட்டிக்கொள்ளும்படி கூவர் எழுதியிருக்கிறார். 13 சீட்டுகளை 622 கோடிக்கும் அதிகமான விதங்களில் அடுக்கலாம். உங்கள் கையில் விழுந்த வரிசையை இதுவரை யாருமே படித்திருக்க வாய்ப்பில்லை! ஒரு சுற்றில் சந்தேகம் ஒருத்தன் மேல், அடுத்த குலுக்கலில் இன்னொருத்தன் மேல். இதைச் சாதாரணப் புத்தகமாகப் பக்கம் கோத்துத் தைத்தால் கதை செத்துவிடும். இந்த இதழைப் பற்றி வெறும் வித்தை, பெட்டிக்கடை வேடிக்கை என்று சொல்பவர்களுக்கு நான் எடுத்து நீட்டுவது இந்தச் சீட்டுக்கட்டைத்தான். வடிவத்தைப் பிடுங்கினால் கதை நிற்குமா என்று கேளுங்கள். நிற்காது என்றால் அது வித்தை இல்லை, எழுத்து.

அடுத்து வந்த 17ஆம் இதழ் இன்னும் துணிச்சல். சந்தாதாரருக்கு வந்தது ஒரு கட்டுத் தபால். மேலே விலாசத்தில் இருப்பதோ மரியா வாஸ்கெஸ் என்கிற வேறொரு பெண்ணின் பெயர்! தவறி வந்த தபாலைப் பிரிப்பதா வேண்டாமா? பிரிக்கிறீர்கள். கடிதங்கள். பனிமனிதனை ஆராய்பவர்களுக்கான ‘யெட்டி ரிசர்ச்சர்’ என்கிற பத்திரிகை. பலபேர் சேர்ந்து ஒரே உடையை மாட்டிக்கொள்வதற்கான துணிக்கடை விளம்பரப் புத்தகம். ‘அன்ஃபெமிலியர்’ என்று ஒரு கதைப் பத்திரிகை, இதழின் கதைகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. மரியா எங்கும் வருவதில்லை, ஆனால் அவளுக்கு வந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க அவள் யார் என்று நமக்குள் ஒருத்தி உருவாகிக்கொண்டே வருகிறாள். முன்பின் தெரியாத மெக்ஸ்வீனியின் கடிதங்கள் எக்கர்ஸ் வீட்டுக்கு வந்ததை நினைத்துக்கொண்டால் இந்த இதழ் எங்கிருந்து முளைத்தது என்பது புரியும்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவே ஒரு பெரிய அடி. 2006 டிசம்பர் 29 அன்று, இவர்களுடைய விநியோகஸ்தரின் தாய் நிறுவனம் திவால் மனு போட்டது. விற்ற புத்தகங்களுக்கு வர வேண்டிய பணம் அப்படியே முங்கிப்போனது. மெக்ஸ்வீனிஸுக்கு நஷ்டம் சுமார் 1,30,000 டாலர். சின்னப் பதிப்பகத்துக்கு அது கழுத்தளவு வெள்ளம். 2007 ஜூனில் வாசகர்களிடமே போனார்கள். பழைய இதழ்களைத் தள்ளுபடியில் விற்றார்கள், ஓவியர்களின் அசல் படங்களை ஏலம் விட்டார்கள். வாசகர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், இதழ் பிழைத்தது. அந்த வருஷம் செலவைச் சுருக்கிச் சாதுவாக ஒரு புத்தகம் போட்டிருக்கலாம் அல்லவா? 2007இல் வந்த 22ஆம் இதழின் அட்டைக்குள் காந்தம் வைத்தார்கள்! மூன்று புத்தகங்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் டக்கென்று கையோடு வரும். அதில் ஒரு புத்தகம் முழுக்க, எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்து எழுதாமலே போன கதைக்கருக்களை எடுத்து இன்றைய எழுத்தாளர்கள் எழுதிய கதைகள்.

2009இல் செய்தித்தாள்களுக்குச் சாவுமணி அடித்துக்கொண்டிருந்தது. டென்வரில் ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ மூடியது, சியாட்டிலில் ‘போஸ்ட் இன்டெலிஜென்சர்’ அச்சை நிறுத்தியது. காகிதம் செத்துவிட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் 8 அன்று 33ஆம் இதழ் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் இறங்கியது. அது ஒரு செய்தித்தாள்! பெயர் ‘சான் பிரான்சிஸ்கோ பனோரமா’. 15 அங்குலத்துக்கு 22 அங்குலம், பிரித்தால் கைகள் இரண்டும் முழுசாக விரிய வேண்டும். மொத்தம் 320 பக்கம். தெருவில் 5 டாலருக்குக் கூவி விற்றார்கள். வளைகுடாப் பாலத்தின் கட்டுமானச் செலவு ஏன் இப்படி எகிறியது என்று நிஜமான புலனாய்வு. பேஸ்பால் இறுதிப் போட்டியைப் பற்றி எழுதியவர் யார் தெரியுமா? ஸ்டீபன் கிங்! முழுவண்ணப் படக்கதைப் பகுதியில் ஆர்ட் ஸ்பீகல்மன், கிறிஸ் வேர். கூடவே ஒரு வார இதழ், ஒரு புத்தக விமர்சன இணைப்பு. நகரத்துச் செய்தித்தாள்கள் பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கதை இதழ், காகிதத்தால் மட்டுமே முடிகிற காரியங்கள் இவை என்று பரப்பிக் காட்டியது. மனிதர்கள் அதை வாங்க வரிசையில் நின்றார்கள். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் சிலிர்க்கிறது.

2012இல் வந்த 42ஆம் இதழ் வெளியே பார்க்க அடக்கமான புத்தகம், விளையாட்டு முழுக்க உள்ளே. ஆடம் தெர்ல்வெல் தொகுத்தது. 12 கதைகள், 18 மொழிகள், 61 எழுத்தாளர்கள். ஒரு கதையை ஒருவர் மொழிபெயர்ப்பார், அடுத்தவர் அதைப் பார்த்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவார், அதற்கடுத்தவர் மறுபடி வேறொன்றுக்கு. மூலத்தைப் பார்க்கக் கூடாது, முன்னவர் கொடுத்ததுதான் கையில். கூட்சியும் ஸேடி ஸ்மித்தும் டேவிட் மிட்செலும் இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கதை கைமாறிக் கைமாறிப் போகப் போக அதன் நடை மாறுகிறது, வீடு மாறுகிறது, சில இடங்களில் குணமே மாறுகிறது. ஆனாலும் ஏதோ ஒன்று விடாப்பிடியாகக் கடைசிவரை வந்துவிடுகிறது. பெட்டியும் காந்தமும் இல்லாமலே இவர்களால் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

இதழின் காகிதங்களையெல்லாம் 2013இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் வாங்கிக்கொண்டது. 2014இல் மெக்ஸ்வீனிஸ் லாப நோக்கமற்ற அமைப்பாக மாறப்போவதாக அறிவித்தது. ஆவணக்காப்பகம், அறக்கட்டளை என்றதும் வயதாகிவிட்டது, இனி அடங்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? 2018இல் 53ஆம் இதழோடு பலூன்கள் வந்தன. பலூன்மேல் கதை அச்சிட்டிருக்கிறது! ஊதாமல் படித்தால் எழுத்து சுருங்கிக் கிடக்கும். மூச்சைப் பிடித்து ஊத ஊத வரிகள் பெரிதாகும், பிறகு உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். வாசகர் தன் மூச்சைக் கொடுத்தால்தான் கதை கண்ணுக்குத் தெரியும்.

25ஆம் ஆண்டை ஒட்டி வந்த 74ஆம் இதழோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொண்டுபோகும் தகரச் சாப்பாட்டு டப்பா! ஸ்பீகல்மன் வரைந்த படங்கள் டப்பாவைச் சுற்றி ஓடுகின்றன. உள்ளே, விளையாட்டு வீரர்களின் படத்தைச் சேகரிப்பார்களே, அந்த மாதிரி எழுத்தாளர் படம் போட்ட அட்டைகள். அப்புறம் சில பென்சில்கள். ஒவ்வொரு பென்சிலின் மேலும் ஒரு கவிதை. எழுதவேண்டுமென்றால் சீவ வேண்டும், சீவினால் கவிதை ஒவ்வொரு சொல்லாகக் குறையும். சீவாமல் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி, சீவி எழுதித் தீர்ப்பவர்கள் ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.